செக்கிலிருந்து தறிக்கு: சிறையாளரும் கைத்தொழிலும்

மூன்றாண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று, மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்திலுள்ள இறுதித் தீர்ப்புப் பகுதி நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. பசித்தோர், தாகமுற்றோர், அந்நியர், ஆடையற்றோர், நோயுற்றோர், சிறையிலிருப்போர் என அறுவகைச் சிறியோரை ஆண்டவர் தம்மோடு ஒன்றாக்கிப் பேசுகிறார். முதல் ஐவருக்கும் நம் பங்குகளில் ஏதேனும் ஓர் ஏற்பாடு உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசி தருகின்றனர். அருட்சகோதரிகள் மருந்தகம் நடத்துகின்றனர். தவக்காலத்தில் துணி சேர்க்கிறோம். ஆறாமவருக்கான நம் ஏற்பாடோ, கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி ஒருநாள் சிறைக்குச் சென்று, பாடல் பாடி, இனிப்பு வழங்கித் திரும்புவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு இல்லத்திற்கு ஒருவர் வந்தார். நீண்ட காலச் சிறைவாசம் முடித்து வந்தவர். உள்ளே இருந்தபோது நெசவு பழகியவர். அவர் பணம் கேட்கவில்லை. நம் பங்கில் தறி வைத்து நடத்தும் ஒருவரிடம் வேலை கேட்க ஒரு பரிந்துரைக் கடிதமே கேட்டார். கடிதம் எழுதிக் கொடுத்தோம். மறுநாள் அத்தறிக்காரர், ஞாயிறு தவறாது பூசைக்கு வரும் நல்லவர், அக்கடிதத்தோடு நம்மிடம் வந்தார். "சாமி, ஆள் வேலை தெரிந்தவர்தான். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் நீங்கள் பொறுப்பு ஏற்பீர்களா?" என்று கேட்டார். நாம் உடனே விடை சொல்லவில்லை. அந்த மௌனமே விடையாகிவிட்டது. வந்தவர் ஊரை விட்டுப் போனார். எங்கோ ஒரு சந்தையில் மூட்டை தூக்குகிறார் என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

அந்த மௌனம் நம்மை உறுத்தியதால், சிறையாளருக்குத் தொழில் கற்பித்தலின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கலானோம். கண்டவற்றுள் சிலவற்றை இங்கே வாசகரோடு பகிர்ந்து கொள்கிறோம்.

வேலையே தண்டனையாக

பண்டைக் காலத்தில் சிறை என்பது தண்டனைக்குரிய இடமாக இருந்ததைவிட, தண்டனையை எதிர்நோக்கிக் காத்திருக்கும் இடமாகவே பெரிதும் இருந்தது. தண்டனையாக வேலை வாங்கும்போது, அவ்வேலை உயிரைக் குடிப்பதாகவே அமைந்தது. உரோமைப் பேரரசு தன் குற்றவாளிகளைச் சுரங்கங்களுக்கு அனுப்பியது. அவ்வாறு சார்தீனியாத் தீவின் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டவருள் ஒருவர் கலிஸ்து என்னும் கிறிஸ்தவ அடிமை. அவருடைய கதைக்குப் பின்னர் வருவோம்.

1596-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆண்களுக்கென ஒரு திருத்த இல்லம் திறக்கப்பட்டது. சோம்பித் திரிவோரையும் சிறு குற்றவாளிகளையும் தூக்கு மேடைக்கு அனுப்புவதைவிட வேலைக்குப் பழக்குவது நன்று என்னும் எண்ணமே அதன் அடிப்படை. எண்ணம் புதியது; வேலையோ கொடியது. சாயத்திற்காகப் பிரேசில் நாட்டு வன்மரத்தை அரம்பத்தால் அராவித் தூளாக்க வேண்டும். வெளியே வந்தபின் அவ்வேலையைச் செய்து பிழைக்க எவராலும் இயலாது. அது தொழில் அன்று, உழைப்பு மட்டுமே.

இங்கிலாந்து இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. 1818-இல் வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர் சிறைகளுக்கென மிதிசக்கரம் ஒன்றை அமைத்தார். கைதிகள் வரிசையாக நின்று, முடிவில்லாத படிக்கட்டில் ஏறுவதுபோல் அதனை நாள்தோறும் மணிக்கணக்கில் மிதித்தனர். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல சிறைகளில் அது எதையும் செய்யவில்லை. பயனற்ற வேலையே மனிதனை விரைவில் பணிய வைக்கும் என்று கருதினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை இக்கொடுமை நீடித்தது.

இதே மனப்பாங்கு நம் நாட்டிற்கும் கப்பலேறி வந்தது. மெக்காலே பிரபு உறுப்பினராக இருந்த சிறை ஒழுங்குக் குழு 1838-இல் அறிக்கை அளித்தது. கைதிகளுக்குக் கல்வி புகட்டித் திருத்தும் எண்ணத்தில் அதற்கு நம்பிக்கை இல்லை. சலிப்பூட்டும், ஒரே மாதிரியான கடும் உழைப்பையே அது விரும்பியது. அதன் விளைவு என்ன என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1908-இல் தண்டிக்கப்பட்ட வ.உ. சிதம்பரனார் கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை இழுத்தார். கப்பல் ஓட்டிய வழக்குரைஞரிடம் செக்கைக் கொடுத்தவர்கள், அவர் ஒரு தொழில் கற்க வேண்டும் என்றா கொடுத்தார்கள்? அவரை ஒடிக்க வேண்டும் என்றே கொடுத்தார்கள். 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வந்தபோது உடல் நலிந்திருந்தது. கையிலிருந்த வழக்குரைஞர் தொழிலும் பறிக்கப்பட்டிருந்தது. சிறைக்குள் வாங்கப்படும் வேலை ஒருவனிடமிருந்து எடுத்துக்கொள்வதற்கும் ஆகலாம், அவனுக்குக் கொடுப்பதற்கும் ஆகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

திருத்தந்தை கட்டிய சிறை

எடுப்பதை விடுத்துக் கொடுக்கும் எண்ணம் எங்கே தோன்றியது என்று தேடினால், நம் திருச்சபையின் வாசலுக்கே வந்து நிற்கிறோம். பிரான்சு நாட்டுப் பெனடிக்ட் சபைத் துறவியும் பேரறிஞருமான ஷான் மபியோன், துறவற மடங்களில் தவறிழைத்தோரை அடைத்துவைத்த நிலையைக் கண்டு மனம் நொந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவருக்கும் தனியறை, அதனோடு வேலை செய்ய ஒரு சிறு பட்டறை, உலவ ஒரு சிறு தோட்டம் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் 1707-இல் மறைந்தார். கட்டுரை அதற்குப் பின்னர், 1724-இல்தான் அச்சேறியது.

அதற்குள் உரோமையில் ஒன்று நடந்திருந்தது. திபேர் ஆற்றங்கரையில், பழைய படகுத் துறையை அடுத்து, புனித மிக்கேல் பெயரால் ஏழைச் சிறுவர்க்கும் முதியோர்க்கும் ஒரு பெரிய இல்லம் இருந்தது. 1703-இல் திருத்தந்தை பதினோராம் கிளமெந்து, குற்றமிழைத்த இளைஞர்களை முதிர்ந்த குற்றவாளிகளோடு அடைக்கக்கூடாது என ஆணையிட்டு, அவ்வில்லத்தோடு சேர்த்து ஒரு திருத்த இல்லம் எழுப்பச் செய்தார். இருபது வயதுக்குட்பட்டோருக்கு உரியது அது. கட்டடக் கலைஞர் கார்லோ ஃபொந்தானா வரைந்தளித்த அமைப்பில், நடுவே நீண்ட உயர்ந்த கூடம். இரு பக்கமும் மூன்று அடுக்குகளாகச் சிற்றறைகள். கூடத்தின் முனையில் எல்லா அறைகளிலிருந்தும் காணத்தக்க பலிபீடம். பகலில் கூடத்தில் நூல் நூற்றல்; இரவில் தனித்தனி அறை; மறைக்கல்வி கற்பிக்க ஒரு குரு. தண்டனையால் தீயோரை அடக்குவது அற்பமே, பயிற்சியால் அவர்களை நல்லோராக்காவிடில் என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் அங்கே பொறிக்கப்பட்டிருந்தது. அந்நூற்றாண்டிலேயே அங்குச் சென்ற ஆங்கிலேயச் சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்டு, புரட்டஸ்தாந்து சபையினராயினும், அவ்வாசகத்தை வியந்து தம் நூலில் எழுதிக்கொண்டார்.

இவ்வரலாற்றில் நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் முழுதும் சொல்லியாக வேண்டும். அச்சிறுவர்கள் கூடத்துப் பலகைகளில் சங்கிலியால் பிணைக்கப்பட்டே நூல் நூற்றனர். பேச்சு விலக்கப்பட்டிருந்தது. பலிபீடத்தின் எதிர்முனையில் சவுக்கடிக்கும் இடமும் இருந்தது. இன்னொன்றும் உண்டு. அதே வளாகத்தின் மறுபுறத்தில் குற்றமற்ற ஏழைச் சிறுவர்கள் திரைச்சீலைச் சித்திர நெசவு போன்ற உயர்ந்த கைவினைகளைக் கற்றனர். அவ்வில்லத்தின் சித்திரத் திரைகள் புகழ் பெற்றவை. சுவரின் ஒரு பக்கம் கலை. மறுபக்கம் வெறும் நூல். திருத்த வேண்டும் என்னும் நோக்கம் உண்மையானதே. ஆனால் தவறியவனுக்கும் முதல்தரமான தொழில் தரலாம் என்னும் துணிவு அன்று இன்னும் வரவில்லை.

வலென்சியாவும் டப்ளினும்

அத்துணிவு வந்த இடங்களுள் ஒன்று ஸ்பெயின் நாட்டு வலென்சியா. 1830-களில் அங்குச் சிறைத் தலைவரான மனுவேல் மொந்தேசினோஸ் ஒரு படைத்துறையாளர். தாமே போர்க் கைதியாகச் சிறைப்பட்டிருந்தவர். முன்னர் அகுஸ்தீன் சபை மடமாக இருந்த கட்டடம் அவருடைய சிறையாயிற்று. அதனுள் தச்சு, கொல்லு, நெசவு, தையல், செருப்பு, அச்சு எனப் பல பட்டறைகளை அமைத்தார். எத்தொழிலைக் கற்பது என்பதைக் கைதியே தெரிந்தெடுக்கலாம். கூலியில் ஒரு பகுதி அவன் கையில் தரப்பட்டது. ஒரு பகுதி விடுதலை நாளுக்கெனச் சேர்த்து வைக்கப்பட்டது. மனிதனையே சிறை ஏற்கிறது, அவன் குற்றம் வாயிலிலேயே நின்றுவிடுகிறது என்பது அவருடைய கொள்கை. விடுதலையானோருள் மீண்டும் குற்றம் செய்து வருவோர் பெரிதும் குறைந்தனர் என்று அக்காலத்தார் எழுதினர்.

அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை? சிறைப் பொருள்கள் தரமாக இருந்ததே ஒரு காரணம். வெளியிலிருந்த தொழிலாளரும் உற்பத்தியாளரும் தங்கள் விற்பனை கெடுகிறதென முறையிட்டனர். இம்முறையீட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது, அவர்களும் ஏழைகளே. அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இளங்குற்றவாளிகளுக்கென 1876-இல் திறக்கப்பட்ட எல்மைரா சீர்திருத்தப் பள்ளி தொழிற்பயிற்சிக்குப் பெயர் பெற்றது. ஆனால் 1888-இல் நியூயார்க் மாநிலச் சட்டமொன்று சிறை உற்பத்தியை முடக்கியது. அப்பள்ளியின் தலைவரே கைதிகளைக் கடுமையாக அடித்தார் என்னும் குற்றச்சாட்டும் பின்னர் விசாரணைக்கு வந்தது. பட்டறை மட்டும் மனிதனை மதிக்கக் கற்பித்துவிடுவதில்லை.

அயர்லாந்தில் நடந்தது இன்னும் நம் நெஞ்சிற்கு நெருக்கமானது. 1854 முதல் வால்டர் குரோஃப்டன் என்பார் அங்குச் சிறைகளின் பொறுப்பேற்றார். விடுதலைக்கு முந்திய இறுதிக் காலத்தைக் கைதிகள் காவல் தளர்ந்த ஓர் இடைநிலைச் சிறையில் கழித்தனர். லஸ்க் என்னும் ஊரில் அவர்கள் குடில்களில் தங்கி நிலத்தைப் பண்படுத்தினர். அத்திட்டத்தில் ஜேம்ஸ் ஆர்கன் என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். கைதிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. டப்ளின் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் முதலாளிகளை ஒவ்வொருவராகச் சந்தித்து, விடுதலையாவோர்க்கு வேலை கேட்டார். வேலை கொடுத்தவர்களிடம் மீண்டும் சென்று, ஆள் எவ்வாறு இருக்கிறான் என்று விசாரித்தார். மறுத்தவர்கள் பலர். ஒருவர் இசைந்து, அவருக்கு நல்ல அனுபவம் ஏற்பட்டதும், அடுத்தவர் இசைந்தார். சிறைக் கதவுக்கும் பட்டறைக் கதவுக்கும் இடையிலுள்ள தெருவில் நடப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும் என்பதை ஆர்கன் அறிந்திருந்தார்.

தூரின் நகரத்துக் குரு

அதே தெருவில் நடந்த இன்னொருவரை நாம் நன்கறிவோம். 1841-இல் குருவான தொன் போஸ்கோவைத் தூரின் நகரச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றவர் அவருடைய ஆன்ம குருவான புனித ஜோசப் கஃபாசோ. தூக்குத் தண்டனை பெற்ற 50-க்கும் மேற்பட்டோரை இறுதி மூச்சு வரை உடனிருந்து ஆற்றுப்படுத்தியவர் அவர். அச்சிறைகளில் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள சிறுவர்கள் உடல் வலிமையோடும் அறிவுக் கூர்மையோடும் சோம்பி அழுகிக் கிடந்ததைக் கண்ட இளங்குரு கலங்கினார். விடுதலையாகும்போது நல்ல தீர்மானத்தோடு வெளியேறிய பலர் சில நாள்களிலேயே மீண்டும் உள்ளே வந்ததே அவரை அதிகம் வாட்டியது. வெளியே அவர்களுக்கு ஒருவரும் இல்லை என்பதே அதற்குக் காரணம் எனத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

தொன் போஸ்கோ இதற்குத் தேடிய மருந்து இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, பட்டறை. 1853-இல் தம் இல்லத்தில் செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறைகள் தொடங்கினார். நூற்கட்டு, தச்சு, அச்சு, கொல்லு ஆகியவை தொடர்ந்தன. இரண்டாவது பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. அதுவே ஒப்பந்தம். 1851, 1852-ஆம் ஆண்டுகளில் அவர் முன்னின்று எழுதிய பயிற்சி ஒப்பந்தங்கள் இன்றும் உள்ளன. முதலாளி தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது. திருத்துவதாயின் சொல்லால் திருத்த வேண்டும், கையால் அன்று. ஞாயிறும் திருநாள்களும் விடுமுறை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஓய்வு. கூலி படிப்படியாக உயர வேண்டும். சிறுவனும் நேர்மையாக உழைக்கக் கடமைப்பட்டான். இவற்றின் கீழே முதலாளியும் மாணவனும் மட்டுமன்றி, தொன் போஸ்கோவும் ஒப்பமிட்டார். அந்த மூன்றாவது கையொப்பத்தைப் படித்தபோது, தறிக்காரர் நம்மிடம் கேட்ட கேள்வி நம் நினைவுக்கு வந்தது.

தொன் போஸ்கோவின் மக்கள் மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று, 1906-இல் அருள்தந்தை ஜார்ஜ் தொமாத்திசு தலைமையில் தஞ்சைக்கு வந்தனர். தமிழகத்தில் இன்று அவர்கள் நடத்தும் தொழிற்பள்ளிகளின் வேர் தூரின் சிறைக் கொட்டடியில் இருக்கிறது என்பதை அங்குப் பயிலும் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

நம் நாட்டில்

1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் ஒழுங்கையும் காவலையுமே பெரிதெனக் கொண்டது. 1919-20-இல் அமைந்த இந்தியச் சிறைக் குழுவே, கைதியைத் திருத்தி மறுவாழ்வளிப்பது சிறையின் நோக்கம் என்று முதன்முறையாகத் தெளிவாக உரைத்தது. 1925-ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம், இளங்குற்றவாளிகளைச் சிறைக்கு மாற்றாகத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அனுப்ப வழி செய்தது. 1983-இல் நீதிபதி முல்லா குழு, சந்தையில் தேவைப்படும் தொழில்களைக் கற்பிக்கவும் நியாயமான கூலி தரவும் வற்புறுத்தியது. 1998-இல் உச்ச நீதிமன்றம், கடுங்காவல் கைதியின் உழைப்புக்கும் தக்க கூலி உண்டு எனவும், அதில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட வேண்டும் எனவும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவரை மறந்து கைதிக்காக மட்டும் பேசுதல் நீதியாகாது. உழைப்பால் ஈடு செய்தல் என்பது ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் அறிந்த பரிகாரத்திற்கும் அணுக்கமானதே.

இவ்வளவு நடந்தும், ஒரு பழைய அழுக்கு நீங்கவில்லை. சிறையில் சமைப்பவர் இன்ன சாதி, கூட்டிப் பெருக்குபவர் இன்ன சாதி என்று பல மாநிலங்களின் சிறை விதிகள் வகுத்திருந்தன. கைதிக்கு எத்தொழிலைக் கற்பிப்பது என்பதை அவன் கைத்திறன் முடிவு செய்யவில்லை. அவன் பிறப்பு முடிவு செய்தது. 2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்விதிகள் அரசியல் சட்டத்திற்கு முரணானவை எனத் தள்ளியது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் குறிப்பை நீக்கவும் ஆணையிட்டது. நம் பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகள் சாதிவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததும் அத்தீர்ப்பில் எடுத்துப் பேசப்பட்டது. செய்தித்தாளில் இதைப் படித்து நாம் வெட்கப்பட்டோம். ஆனால் சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்திற்குள்ளேயே சுவர் எழுப்பி வைத்திருந்த நாம், சிறைச் சுவரை மட்டும் குறை கூற இயலுமா?

இன்று தமிழகச் சிறைகளில் வேலைக்குக் குறைவில்லை. கோவையில் துணி நெய்கின்றனர். வேலூரில் காவலர்க்குக் காலணி செய்கின்றனர். சில சிறைகளின் வாயிலருகே பெட்ரோல் நிலையங்களையும் கைதிகள் நடத்துகின்றனர். ஆயினும் 2022-ஆம் ஆண்டு இறுதிக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு 75-க்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். தண்டிக்கப்படாத இவர்கள் உழைக்கக் கட்டாயமில்லை. ஆகவே பட்டறைகளும் பயிற்சிகளும் தண்டனைக் கைதிகளை நோக்கியே பெரிதும் அமைகின்றன. தூரினில் தொன் போஸ்கோ கண்ட அதே சோம்பல் இவர்களையே முதலில் பற்றுகிறது.

1981-இல் கேரளத்து வடவாதூர் குருமடத்தில் பயின்ற மாணவர்களின் முயற்சியாக முளைத்துப் பின்னர் இந்தியச் சிறைப்பணி இயக்கமாக வளர்ந்த அமைப்பு, இக்கடமையை நாடெங்கும் நினைவூட்டி வருகிறது. ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சிறைப்பணி ஞாயிறாகக் கொண்டாடப்படுவதும் அவ்வியக்கத்தின் பயனே. திருத்தந்தை பிரான்சிசு 2024 டிசம்பர் 26 அன்று உரோமையின் ரெபிபியாச் சிறையில் யூபிலியின் புனிதக் கதவைத் திறந்தார். பேராலயக் கதவுக்கு நிகராகச் சிறைக் கதவை வைத்ததன் பொருளை நாம் இன்னும் உள்வாங்கவில்லை.

பொறுப்பேற்பவர் யார்?

கலிஸ்துவின் கதைக்கு வருவோம். அவரைப் பகைத்த இப்போலித்துவின் எழுத்தின் வழியே இது நமக்குத் தெரிகிறது. கிறிஸ்தவர்கள் நம்பி ஒப்படைத்த பணத்தை இழந்தவர் கலிஸ்து, தப்பியோட முயன்றவர், கலகம் செய்தார் என்று சார்தீனியாச் சுரங்கத்திற்கு அனுப்பப்பட்டவர். பகைவர் எழுதியது என்று எவ்வளவு தள்ளினாலும், அவர் சிறை மீண்டவர் என்பது நிற்கிறது. அப்படிப்பட்டவரிடம் திருத்தந்தை செபிரீனு உரோமைத் திருச்சபையின் கல்லறைத் தோட்டப் பொறுப்பை ஒப்படைத்தார். பணம் தொலைத்தவன் என்று பெயரெடுத்தவரிடம் திருச்சபையின் சொத்து! 217-ஆம் ஆண்டளவில் அவரே திருத்தந்தையானார். இன்று புனிதராக வணங்கப்படுகிறார். செபிரீனு நம்மைப்போல் மௌனமாக இருந்திருந்தால் இவ்வரலாறு இல்லை.

இதற்கும் முன்னோடி தூய பவுல். கூடாரத் தொழில் தெரிந்த அத்திருத்தூதர் சிறையிலிருந்து பிலமோனுக்கு ஒரு சிறு மடல் எழுதினார். ஓடிவந்த அடிமை ஒனேசிமு என்பவனை மீண்டும் ஏற்கும்படி வேண்டும் மடல் அது. ஒனேசிமு என்னும் பெயருக்குப் பயனுள்ளவன் என்பது பொருள். முன்பு பயனற்றிருந்தவன் இப்போது இருவருக்கும் பயனுள்ளவனானான் என்று பெயரை வைத்தே பேசுகிறார் பவுல். அத்தோடு நிற்கவில்லை. அவனால் இழப்பு ஏதேனும் இருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்; தாமே ஈடு செய்வதாகத் தம் கைப்பட எழுதித் தருகிறார்.

பவுலின் கையெழுத்து, தொன் போஸ்கோவின் கையெழுத்து, டப்ளின் தெருக்களில் ஆர்கன் கொடுத்த வாக்கு ஆகிய மூன்றும் ஒன்றே. சிறைக்குள் தறியை அரசு வைக்கலாம், பயிற்சியாளரை அனுப்பலாம், சான்றிதழ் வழங்கலாம். வெளியே வருபவனுக்காகப் பொறுப்பேற்கும் கையெழுத்தை அரசு போட முடியாது. அதை ஊரும் பங்குமே போட வேண்டும். நம் இறைமக்களுள் தறி வைத்திருப்போர் உண்டு. பட்டறை, அச்சகம், தையலகம், கட்டட ஒப்பந்தம் நடத்துவோர் உண்டு. ஒரு பங்கிற்கு ஒருவர் போதும். முழுப் பொறுப்பையும் முதலாளி தலையில் வைக்காமல், பங்குப் பேரவை ஒரு சிறு ஈட்டு நிதியைத் தன் கணக்கில் ஒதுக்கி வைத்தால், அதுவே நம் காலத்துப் பிலமோன் மடல் ஆகும்.

சென்ற ஆண்டு அத்தறிக்காரரைச் சந்தித்தபோது, நாம் அன்று சொல்லத் தவறிய விடையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்தார். "சாமி, இனிமேல் அந்த மாதிரி யாராவது வந்தால் அனுப்புங்கள்" என்றார். மூட்டை தூக்கப் போனவரை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.